கஜக் வீட்டில் ஒன்பது மாதம்: எதற்கு வேண்டாம் என்று சொல்லலாம்?

செப்டம்பரில் கஜகஸ்தானில் ஒரு கிராமப் பள்ளிக்குத் தன்னார்வ ஆங்கில ஆசிரியையாகப் போகிறீர்கள். ஒன்பது மாதமும் ஒரு கஜக் குடும்பத்தோடு தங்க வேண்டும். நீங்கள் சைவம், குளிர் பழக்கமில்லை. "அவர்கள் மனம் நோகாமல் எதற்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குதிரை இறைச்சி, தனி அறை, கழிப்பறை என்று வரிசையாக எழுதியிருந்தாலும், உங்கள் மனதில் ஓடுவது வேறு ஒரு கேள்வி என்று எனக்குப் படுகிறது. அந்த வீட்டில் நான் விருந்தாளியா, வீட்டு ஆளா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், எதை மறுக்கலாம், எதை மறுக்கக்கூடாது என்பது தானாகவே புரிந்துவிடும்.

நான் சொல்லப்போவது எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கு நகரமான தால்திகொர்கானுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பத்து மாதம் ஒரே குடும்பத்தோடு இருந்தேன். அதன் பிறகு ஆறு வருடம், புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும், அவர்களை அந்த வீட்டுக்குத் தயார்படுத்துவதும்தான் வேலை. நான் உள்ளே புழங்கிய வீடுகள் எல்லாம் தென்கிழக்கிலும் தெற்கிலும் இருந்தவை. மேற்கே காஸ்பியன் பக்கத்து வீடுகளில் நான் தங்கியதில்லை. வடக்கே ரஷ்ய மொழி அதிகம் புழங்கும் ஊர்களில் பழக்கவழக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அதனால் எது நாடு முழுக்கப் பொது, எது வீட்டுக்கு வீடு மாறும் என்று பிரித்தே சொல்கிறேன்.

விருந்தாளியை கஜக் மொழியில் கொனாக் என்பார்கள். அதிலேயே வகை உண்டு. அழைத்து வருபவர் ஒரு வகை, சும்மா எட்டிப் பார்ப்பவர் ஒரு வகை. முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்பவரோ 'குதாயி கொனாக்', கடவுள் அனுப்பிய விருந்தாளி. புல்வெளியில் அடுத்த கூடாரம் ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்த காலத்தில், வந்தவனுக்கு இடம் கொடுக்காவிட்டால் அவன் பனியில் செத்துப்போவான். அந்தக் கட்டாயத்தில் பிறந்த மரியாதை இன்றும் குறையாமல் இருக்கிறது. நீங்கள் போன அன்று வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் 'தோர்' என்ற மரியாதைக்குரிய இடத்தில் உட்கார வைப்பார்கள். எழ விட மாட்டார்கள். நம் ஊரில் புது மாப்பிள்ளைக்குக் கூட அப்படி நடக்காது.

ஆனால் அதே மக்களிடம் இன்னொரு பழமொழியும் உண்டு: விருந்தாளி ஒரு நாள் தங்கினால் 'குத்', இரண்டு நாள் தங்கினால் 'ஜூத்'. குத் என்றால் வீட்டுக்கு வரும் நல்வளம். ஜூத் என்பது புல்வெளியில் பனி உருகி மறுபடி உறைந்து, மேய்ச்சலை ஐஸ் மூடிவிட, ஆடும் குதிரையும் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் சாகும் பேரிடர். அந்தச் சொல்லை விருந்தாளிக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றால் எவ்வளவு கனம் பாருங்கள். நீங்கள் தங்கப்போவது ஏறத்தாழ 270 நாள். அத்தனை நாளும் தோரில் உட்கார்ந்தால் அந்தக் குடும்பம் தாங்காது. அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

நான் செய்த தவறு அதுதான். மூன்று வாரம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். உதவட்டுமா என்று கேட்டபோதெல்லாம் "உட்காரு, உட்காரு" என்றார்கள், நானும் உட்கார்ந்துகொண்டேன். அந்த வீட்டு மருமகளுக்கு என் வயதுதான் இருக்கும், கைக்குழந்தை வேறு. கஜக் வீட்டில் மருமகளைக் கெலின் என்பார்கள். காலையில் முதலில் எழுவது, அடுப்பு மூட்டுவது, டீ ஊற்றுவது எல்லாம் அவள். ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். முக்கால் மணி நேரமாக அவள் ஒரு வாய் டீ குடிக்கவில்லை, கோப்பைகளை வாங்குவதும் நிரப்புவதுமாக இருந்தாள். உள்ளே குழந்தை அழுதது. வீட்டின் மூத்தவரான பாட்டியின் முகத்தை அவள் பார்த்தாள். நான் தோரிலிருந்து எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஜாடியை எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அவள் ஒரு நொடி தயங்கினாள், அப்புறம் குழந்தையிடம் போய்விட்டாள்.

நான் ஊற்றிய முதல் கோப்பையைத் தளும்பத் தளும்ப நிரப்பிப் பாட்டியிடம் நீட்டினேன். பேச்சு நின்றுவிட்டது. பாட்டி கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "என்னை வீட்டுக்கு அனுப்புகிறாயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கோப்பை நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். பாதிக்கும் குறைவாக ஊற்றினால்தான் 'இரு, இன்னும் பேசு, சூடாக மறுபடி தருகிறேன்' என்று பொருள். அன்று பாட்டி என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். முதலில் பால், அதன் மேல் கெட்டியான டிகாக்‌ஷன், கடைசியில் சமோவாரிலிருந்து வெந்நீர். நிறம் செம்பழுப்பாக வர வேண்டும். வலது கையால் கொடுக்க வேண்டும். யாருக்குத் திடமாக, யாருக்குப் பால் தூக்கலாக என்பது நினைவிருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத அந்தச் சின்னக் கிண்ணத்துக்குக் கெஸே என்று பெயர். ஒரே உட்காரலில் ஒருவர் ஏழெட்டுக் கெஸே குடிப்பது சாதாரணம். போதும் என்றால் கையால் கெஸேயை மூடி 'ரஹ்மெத்' என்று நன்றி சொன்னால் போதும். பல வீடுகளில் கெஸேயைச் சாய்த்து வைப்பார்கள்.

அந்த மாலைக்குப் பிறகு என்னை யாரும் "உட்காரு" என்று சொல்லவில்லை. வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டார்கள். அதனால் உங்களுக்கு என் முதல் அறிவுரை: ஒரு வாரம் விருந்தாளியாக இருங்கள், அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுங்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு வேலையைக் கேட்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டீ ஊற்றுவது, பாத்திரம் கழுவுவது, சாப்பாட்டு விரிப்பைத் தட்டி மடிப்பது, எதுவானாலும் சரி. "உதவட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். அது அவர்கள் மரியாதை. நம் வீட்டிலும் அப்படித்தானே?

சாப்பாட்டுக்கு வருகிறேன். விருந்துச் சாப்பாடு என்றால் வேகவைத்த இறைச்சியை அகல மாவுத் துண்டுகளின் மேல் பரப்பி, வெங்காயச் சாறு ஊற்றிப் பெரிய தட்டில் நடுவே வைப்பார்கள். வெளியுலகம் அதைப் பெஷ்பர்மாக் என்கிறது, ஐந்து விரல் என்று பொருள். வீட்டில் பெரும்பாலும் 'எத்' என்றுதான் சொல்வார்கள், அதாவது இறைச்சி. நவம்பர், டிசம்பரில் சோகிம் நடக்கும். குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து ஒரு குதிரையையோ மாட்டையோ அறுத்துப் பத்திரப்படுத்துவார்கள். குதிரை விலா இறைச்சியைக் கொழுப்போடு குடலில் அடைத்துச் செய்யும் கஸி, அன்றே ஈரல், இதயம் எல்லாம் சேர்த்து வதக்கும் குய்ர்தாக், அக்கம்பக்கத்தை அழைத்து விருந்து. சைவமான உங்களுக்கு அந்த வாரம் கடினமாக இருக்கும், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முற்றத்தில் அறுப்பு நடக்கும்போது பள்ளியில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். முகம் மட்டும் சுளிக்காதீர்கள். அவர்களுக்குக் குதிரை ஏறிப்போகும் துணை, பாட்டில் வரும் பெருமை, குளிர்கால உணவு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

சைவத்தை எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன தன்னார்வலர்களை "ஒரு துண்டு, கோழிதான், ஒன்றும் செய்யாது" என்று மாதக்கணக்கில் வற்புறுத்தினார்கள். எனக்குப் பிடிக்காது என்றவர்களைப் பார்த்து வீட்டு அம்மா மனம் நொந்தார். எங்கள் முன்னோர் வழக்கம் என்று சொன்னவர்களை இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. வழக்கத்துக்கு அங்கே 'சல்ட்' என்று பெயர், அந்தச் சொல்லுக்கு மரியாதை உண்டு. 'மென் எத் ஜெமெய்மின்' (நான் இறைச்சி சாப்பிட மாட்டேன்), 'பிஸ்திங் சல்ட்' (எங்கள் வழக்கம்) என்ற இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முடிந்தால் போவதற்கு முன்பே, உங்களை அனுப்பும் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் மூலம் சொல்லிவிடுங்கள். முதல் நாள் உங்களுக்காக ஓர் ஆட்டை அறுத்து வைத்துவிட்டால், அதன் பிறகு சொல்வது இரு பக்கமும் வேதனை.

எலும்பு வேகவைத்த சாறான சொர்பாவில் இருந்து இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு "இதில் இறைச்சி இல்லை" என்று அன்போடு கொடுப்பார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, இறைச்சி என்றால் துண்டு என்பதுதான் அவர்கள் கணக்கு. உங்கள் எல்லை எங்கே என்பதை நீங்களே முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மீதி நாள் பசியோடு இருக்க மாட்டீர்கள். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான பவுர்சாக், பால் ஏடான கய்மாக், பாலைக் காய்ச்சித் திரட்டிய இரிம்ஷிக், உருளைக்கிழங்கு, ஊறுகாய் வெள்ளரி, வீட்டு ஜாம், பூசணி வைத்து ஆவியில் வேகவைத்த, கொழுக்கட்டை மாதிரியான மந்தி, எல்லாம் உண்டு. பல வீட்டு மேசையில் துருவிய கேரட்டில் பூண்டும் மிளகாயும் வினிகரும் சேர்த்த ஒரு சாலட் இருக்கும். 1937-ல் ஸ்டாலின் ஆட்சி தூரக் கிழக்கிலிருந்து கட்டாயமாக நாடுகடத்திய கொரியர்கள் உருவாக்கியது அது. காரத்துக்கு ஏங்கும் நாக்குக்கு அது பெரிய ஆறுதல். பருப்பும் புளியும் இங்கிருந்து கொண்டு போங்கள். ஒரு ஞாயிறு நீங்களே சமையுங்கள். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

இனி, மறுக்கவே கூடாத ஒன்று. 'அவுஸ் தியூ' என்று ஒரு வழக்கம் இருக்கிறது, வாய் படுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் சாப்பாட்டு விரிப்பு, அதாவது தஸ்தர்கான், விரித்திருக்கும்போது அங்கே போய்விட்டால், அவசரமாக இருந்தாலும், வயிறு நிறைந்திருந்தாலும், ஒரு துணுக்கு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முழுச் சாப்பாட்டை மறுக்கலாம், ஆனால் அந்தத் துணுக்கை மறுக்க முடியாது. இது நாடு முழுக்கப் பொது. பழகிக்கொண்டால் இதைவிட வசதி வேறில்லை: மாணவர்கள் வீட்டுக்குப் போனால், பத்து வகை உணவில் எதையும் தொட முடியாதபோது, ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக் கெஸேயில் ஒரு மடக்குக் குடித்தால் அவர்கள் மனம் குளிர்ந்துவிடும். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், ஒற்றைக் கையால் பிய்க்காதீர்கள், விழுந்த துண்டைக் காலால் தள்ளாதீர்கள்.

விருந்தில் முதன்மை விருந்தாளிக்கு வேகவைத்த ஆட்டுத் தலையை வைப்பார்கள். அவர் அதை வெட்டிப் பங்கிட வேண்டும், காது சின்னப் பிள்ளைகளுக்குப் போகும். வெளிநாட்டுக்காரர் என்று உங்களிடம் அந்தத் தட்டு வரக்கூடும். பதற வேண்டாம். அப்பா உயிரோடு இருப்பவர் தலையை ஏற்கக்கூடாது என்று பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் அப்பா இருக்கிறார் என்றால் அதைச் சொல்லி, மூத்தவர் பக்கம் தட்டை இரு கைகளாலும் நகர்த்துங்கள். மறுப்பாகத் தெரியாது, வளர்ப்பு தெரியும். சாப்பாடு முடிந்ததும் மூத்தவர் உள்ளங்கைகளை விரித்துப் 'பாதா' என்ற ஆசி சொல்வார். எல்லாரும் கையை முகத்தில் தடவி 'ஔமின்' என்பார்கள். நீங்களும் செய்யலாம், மதம் மாறுவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாதா முடிந்த பிறகு மறுபடி தட்டில் கை வைக்காதீர்கள்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைவிட வேகமாக வீட்டு ஆளாக்கும் வழி எதுவும் எனக்குத் தெரியாது. ரஷ்யன் படித்துக்கொண்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். நகரத்துக்கு அது போதும். கிராமத்துப் பாட்டியின் மனதுக்குப் போதாது. கஜக் துருக்கிய மொழிக் குடும்பம், தமிழோடு உறவு கிடையாது. ஆனால் வாக்கியம் கட்டும் விதம் நமக்குக் கை வந்தது. 'மென் உய்கே பராமின்' என்றால் நான் வீட்டுக்குப் போகிறேன். மென் நான், உய் வீடு, கே என்பது நம் 'க்கு', பரா போவது, கடைசியில் ஒட்டும் மின் நம் 'ஏன்' விகுதி. 'ஷாய் இஷெசிஸ் பெ?' என்றால் டீ குடிக்கிறீர்களா. கடைசியில் வரும் 'பெ' நம் கேள்வியின் கடைசியில் வரும் 'ஆ'தான். ஆங்கிலம் பேசுபவர் ஒரு வருடம் தடுமாறும் இடத்தில் நாம் ஒரு மாதத்தில் கடந்துவிடுகிறோம், என் கண்ணால் பார்த்தது. எழுத்து ரஷ்ய எழுத்தோடு ஒன்பது கூட்டி 42. லத்தீன் எழுத்துக்கு மாறும் முடிவு 2017-ல் எடுக்கப்பட்டது, ஆனாலும் இன்று பள்ளியிலும் தெருவிலும் புழங்குவது சிரில்லிக் என்ற அந்த ரஷ்ய வகை எழுத்துதான்.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள், இது நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா அதா, பாட்டி அஜே அல்லது அபா, அண்ணன் அகா, அக்கா அப்கே, அண்ணி ஜெங்கே. 'நீங்கள்' என்பதற்கு 'சிஸ்', 'நீ' என்பதற்கு 'சென்'. பள்ளியில் ஆசிரியைகளை 'அபாய்' என்பார்கள், உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு குழப்பம் வரக்கூடும்: முதல் பேரக் குழந்தையைத் தாத்தா பாட்டி தங்கள் பிள்ளையாக எடுத்து வளர்ப்பது பழைய வழக்கம். அப்படி வளரும் பிள்ளை பாட்டியை அம்மா என்றும், பெற்றவளை ஜெங்கே என்றும் கூப்பிடும். எங்கள் வீட்டு ஏழு வயதுப் பையன் யாருடைய மகன் என்பது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. தெரிந்ததும் "உன் உண்மையான அம்மா" என்ற சொல்லை எந்த இடத்திலும் எடுக்காமல் பார்த்துக்கொண்டேன். நீங்களும் எடுக்காதீர்கள்.

வீடு. தனி அறை கிடைக்கும் என்று அமைப்புகள் உறுதி தருவார்கள், பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அது யாருடைய அறையாக இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் தங்கள் அறையை உங்களுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் மெத்தை விரித்துப் படுப்பார்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் பழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் உடம்பு சரியில்லையா, கோபமா என்று கவலைப்படுவார்கள். எனக்குத் தனிமை வேண்டும்போது நடக்கப் போனேன், அது யாருக்கும் உறுத்தவில்லை. கிராமத்தில் கழிப்பறை பெரும்பாலும் முற்றத்தின் கோடியில். குளியல் தினமும் இருக்காது. வாரத்துக்கு ஒரு முறை, அநேகமாக சனிக்கிழமை, 'மோன்ஷா' என்ற நீராவிக் குளியல் அறையை மூட்டுவார்கள். முதல் சூடு ஆண்களுக்கு, அப்புறம் பெண்கள் என்று பல வீடுகளில் வரிசை இருக்கும். பெண்கள் சேர்ந்து குளிப்பார்கள். கூச்சமாக இருந்தால் கடைசியாகத் தனியாகப் போகிறேன் என்று சொல்லலாம், இதை மறுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை.

குளிரைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. வடக்கே மைனஸ் 40 வரை போகும், தெற்கே அவ்வளவு இல்லை. வெளிக் குளிருக்கு உடை போதும், பள்ளிக்கூடங்களே கடுங்குளிர் நாளில் விடுமுறை விட்டுவிடும். ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. கிராம வீடுகளில் நிலக்கரி அடுப்புதான் வீட்டைச் சூடாக்குகிறது. சூடு வெளியே போகக்கூடாது என்று புகைபோக்கியின் தகட்டை, கரி முழுக்க அணைவதற்கு முன்பே மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஒரு ஜனவரி விடியலில் மண்டை பிளக்கும் வலியோடு எழுந்தேன், வாந்தி வந்தது, கால் நிற்கவில்லை. பாட்டி என் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாக் கதவையும் திறந்து, என்னைக் கம்பளியோடு முற்றத்தில் இழுத்துப்போய் உட்கார வைத்தார். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிக் கொண்டு போங்கள். கூடத்தில் மாட்டுங்கள், உங்கள் அறையில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய நல்ல பரிசும் அதுதான்.

பரிசு என்றதும் இன்னொன்று. பயணம் போய் வருபவர் கொண்டுவரும் சின்னப் பொருளுக்குப் 'பஸார்லிக்' என்று பெயர். அதிலிருக்கும் பஜாரை நமக்கு விளக்க வேண்டியதில்லை. விலை முக்கியமில்லை, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது இருக்க வேண்டும். பாட்டிக்கு நல்ல தலைத்துணி. அப்புறம் டீத்தூள். சோவியத் காலத்தில் யானைப் படம் போட்ட பாக்கெட்டில் வந்த இந்தியத் தேயிலையைப் பெரியவர்கள் இன்னும் ஆசையாகச் சொல்வார்கள். அதே தலைமுறை ராஜ் கபூர், மிதுன் சக்ரவர்த்தி பெயர்களைக் கேட்டால் பாடவே ஆரம்பித்துவிடும். இந்தி தெரியாது, நான் தமிழ் என்று சொன்னால் முதலில் குழம்புவார்கள், பொறுமையாக விளக்குங்கள். குழந்தையைப் பார்த்ததும் வாய் நிறையப் புகழாதீர்கள், கண் படும் என்ற பயம் நம்மைப் போலவே உண்டு. 'அடிரஸ்பான்' என்ற காய்ந்த செடியைக் கொளுத்தி வீடெல்லாம் புகை காட்டுவார்கள், நம் சாம்பிராணி மாதிரி.

வயது, சம்பளம், கல்யாணம் எல்லாம் முதல் நாளே கேட்பார்கள். நமக்கு அதில் அதிர்ச்சி இருக்காது. நீங்கள் கேட்பதில்தான் கவனம் வேண்டும். 1930 முதல் 1933 வரை, சோவியத் அரசு மந்தைகளைப் பறித்து மக்களைக் கூட்டுப்பண்ணையில் அடைத்த காலத்துப் பஞ்சத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கஜக் மக்கள். மே 31 அதற்கான நினைவு நாள். கிழக்கே உள்ள செமேய் நகரத்துப் பக்கம் உங்களை அனுப்பினால், அங்கே 1949 முதல் 1989 வரை சோவியத் அரசின் 456 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன என்பது நினைவிருக்கட்டும், தளம் 1991 ஆகஸ்டில்தான் மூடப்பட்டது. வீட்டில் புற்றுநோயாளி இல்லாத குடும்பம் இல்லை என்று அங்குள்ளவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், அது அவர்கள் வாய்ச்சொல், கணக்கெடுப்பு இல்லை. இவற்றைப் பாடம் கேட்பது போலக் கேட்காதீர்கள். எங்கள் பாட்டி ஐந்தாவது மாதத்தில், மாவு பிசைந்துகொண்டே, தன் அம்மா சொன்னதாக ஆரம்பித்தார். நான் பிசைவதை நிறுத்தவில்லை.

பணம், காகிதம் இரண்டும் சுருக்கமாக. தங்குவதற்கு அமைப்பு குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுக்கும், எவ்வளவு, யார் கையில் என்று போவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மூலம் கொடுப்பதானால் உறையில் போட்டு, மாதத் தொடக்கத்தில், வீட்டு அம்மாவிடம் தனியாகக் கொடுங்கள், எல்லார் முன்னாலும் நீட்டாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2022 ஜூலை முதல் 14 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். அது சுற்றிப் பார்க்க. உங்கள் வேலைக்கு அமைப்பு முறையாக விசா வாங்கித் தர வேண்டும், நீங்கள் வந்து சேர்ந்ததை மூன்று வேலை நாளுக்குள் உங்களை வரவேற்கும் தரப்பு குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் அமைப்போடு போகாதீர்கள். அமெரிக்காவின் பீஸ் கோர் 1993 முதல் 2011 வரை அங்கே தன்னார்வலர்களை அனுப்பியது, அதனால் சில ஊர்களில் வெளிநாட்டு ஆசிரியரை வீட்டில் வைத்துப் பழகிய குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு வீடு கிடைத்தால் எளிது.

கடைசியாக, உறுதியாக மறுக்க வேண்டியவை. வோட்கா: பல வீடுகளில் அறவே கிடையாது, சில வீட்டு விருந்தில் வற்புறுத்துவார்கள். முதல் கோப்பையையே தொடாதீர்கள், தொட்டுவிட்டால் இரண்டாவதை மறுப்பது கடினம். இரவில் தெரியாதவர் காரில் ஏறச் சொன்னால் வேண்டாம், பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்யும் 'அலிப் கஷு' என்ற கொடுமை பேச்சிலிருந்து மட்டுமல்ல, நடப்பிலிருந்தும் இன்னும் முழுக்கப் போகவில்லை. வீட்டில் யாராவது குடித்துவிட்டு உங்கள் கதவருகே நின்றால், தகாத பார்வையோ தொடுதலோ இருந்தால், விருந்தோம்பலை நினைத்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், அன்றே ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு வீடு மாறுங்கள். ஆறு வருடத்தில் மூன்று பேரை நான் அப்படி வீடு மாற்றியிருக்கிறேன், அதில் ஒருவர் "அவர்கள் மனம் நோகுமே" என்று ஆறு வாரம் பேசாமல் இருந்தவர். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் கிளம்பும் நாள் காலையில் பாட்டி ஒரு முழு ரொட்டியை உங்கள் முன் நீட்டக்கூடும். சாப்பிடச் சொல்கிறார் என்று நினைத்துப் பிட்டு எடுக்காதீர்கள். பல்லால் ஓரத்தில் ஒரே ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அந்த ரொட்டியைத் துணியில் சுற்றி வீட்டில் மாட்டி வைப்பார்கள். தூரம் போகிறவர் திரும்பி வந்து மீதியைச் சாப்பிடும் வரை அது அங்கேயே இருக்கும்.